வேம்பின் பங்காளி

கூலிம் நகரில் வாரத்துக்கு ஒருமுறை கூடும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில், சாத்தே சுடும் அடுப்புப் புகைக்கும் மலிவுச் சட்டைகளை விலைகூறும் ஒலிபெருக்கிக்கும் இடையே, தரையில் ஒரு கித்தானைப் பரப்பி அதன்மீது வேர்களையும் பட்டைகளையும் காய்ந்த காளான்களையும் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மலாய் இளைஞர் ஒருவர், என் நரைத்த தலையைக் கண்டதும், முழங்கை நீளமுள்ள வெளிர்மஞ்சள் கட்டை ஒன்றை உயர்த்திக் காட்டி, "அண்ணே, தொங்காட் அலி!" என்று சொல்லி ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலின் பொருளை மலேசியாவில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் சங்கோசத்தோடு நகரப் பார்த்த சமயத்தில், பக்கத்துக் கடையில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் (பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுளெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்) என்னைத் திரும்பிப் பார்த்து, "யாருக்குத் தம்பி காய்ச்ச?" என்று விசாரித்தார்.

"காய்ச்சல் யாருக்கும் இல்லை பாட்டி, சும்மா பார்க்கிறேன்" என்றேன். அவர் குனிந்து ஒரு சீவலை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஜப்பான்காரன் காலத்துல கொயினா கெடைக்காதப்ப எங்கம்மா இந்த மாதிரி கசப்பு வேரத்தான் அவிச்சுக் குடுக்கும். குடிக்கமாட்டேன்னா மூக்கப் புடிச்சு ஊத்தும்" என்று சொல்லிவிட்டுத் தம் கருவாட்டுப் பொட்டலத்தோடு போய்விட்டார்.

ஒரே வேரைப் பார்த்து ஒருவர் கண்ணைச் சிமிட்டுகிறார். மற்றொருவர் காய்ச்சலை விசாரிக்கிறார். இவ்விரண்டில் பழையது எது, மெய்க்கு அருகில் இருப்பது எது என்று என்னைக் கேட்டால், பாட்டியின் கேள்விதான் என்று தயங்காமல் சொல்வேன். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பதிலுக்கான நியாயங்களே.

முதலில் மரத்தைப் பார்ப்போம். கூலிமுக்குக் கிழக்கே, கூனோங் போங்சு காட்டிலும் சுங்கை செடிம் ஆற்றை ஒட்டிய மலைச்சரிவுகளிலும், பெருமரங்களின் நிழலில், நீர் தேங்காத மணற்பாங்கான புளிப்பு மண்ணில் வளரும் சிறுமரங்களுக்கிடையே, கிளையே விடாமல் ஒற்றைக் கம்பாக நிமிர்ந்து, உச்சியில் மட்டும் இலைகளைக் கொத்தாக விரித்து நிற்கும் ஒரு செடியைக் கண்டால் அதுவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். ஒவ்வோர் இலையும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். நடு நரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக அமைந்து, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நம் வேப்பிலையைப் பூதக்கண்ணாடியில் பெரிதாக்கிக் காட்டியதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் உண்டு. மரம் 10 மீட்டர் வரை உயரக்கூடும் என்றாலும், இன்று காட்டில் அந்த உயரத்துக்கு விட்டுவைக்கப்பட்ட மரம் அபூர்வம். பூக்கள் மிகச் சிறியவை, செந்நிறம் கலந்தவை. ஆண் மரமும் பெண் மரமும் பெரும்பாலும் வேறுவேறு. காய்கள் பழுக்கும்போது கருஞ்சிவப்பாகும். பூமிக்கு மேலே இவ்வளவு அடக்கமாக நிற்கும் இந்த ஜீவன் பூமிக்குக் கீழே செய்வதுதான் விசேஷம்: பக்கவேர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாமல், தடித்த ஆணிவேர் ஒன்றைச் செங்குத்தாக ஆழத்துக்கு இறக்குகிறது. மண்ணிலிருந்து உருவி எடுத்தால் அந்த வேர் பார்வைக்கு ஊன்றுகோலைப் போலவே இருக்கும்.

தொங்காட் என்றால் மலாயில் கைத்தடி; ஆகவே தொங்காட் அலி என்பது அலியின் ஊன்றுகோல். விரிந்த இலைக்கொத்தைப் பார்த்து அலியின் குடை என்று சொல்வோரும் உண்டு. இந்தோனேசியாவில் இதற்குப் பெயர் பாசாக் பூமி, அதாவது பூமியில் அறைந்த முளை. வியட்நாமியர் நூறு நோய்களின் மரம் என்று பொருள்படும் பெயரால் இதை அழைக்கிறார்கள். இத்தனை பெயர்களுக்கு நடுவில் மலாய் நாட்டுப்புறத்தில் வழங்கும் இன்னொரு பெயர் என்னைப் பெரிதும் கவர்ந்தது: பெனாவார் பாஹிட். பெனாவார் என்பது விஷத்தையும் நோயையும் முறிப்பது. பாஹிட் என்பது கசப்பு. கசப்பு முறிமருந்து! ஆண்மை, வீரியம், இல்லற சுகம் முதலியவற்றின் வாடையே இல்லாத இந்தப் பெயரில் ஜனங்கள் அந்த வேரை எதற்காகத் தோண்டினார்கள் என்ற உண்மை பத்திரமாக இருக்கிறது. ஜுரத்துக்கும், தலைவலிக்கும், ஆறாத புண்ணுக்கும், பிரசவித்த பெண்ணின் உடல் தேறுவதற்கும் இதை அவித்துக் கொடுத்தும் அரைத்துப் பூசியும் வந்தார்கள். நிலவேம்பை மலாய்க்காரர்கள் பூமியின் பித்தம் என்ற பொருளில் ஹெம்பெடு பூமி என்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். நாம் நாக்கில் பட்ட கசப்பை வேம்பின் பெயரால் சொன்னோம். அவர்கள் பித்தத்தின் பெயரால் சொன்னார்கள். நாக்கு ஒன்றுதான்.

தாவர சாஸ்திரத்தில் இதற்கு யூரிகோமா லாங்கிஃபோலியா என்று பெயர். அகன்ற கூந்தல், நீண்ட இலை என்று அந்தக் கிரேக்க லத்தீன் கலப்பைப் பிரித்துப் பொருள் சொல்லலாம். பெயர் சூட்டியவர் வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் நண்பர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சுமத்திராவிலும் சில வருஷங்கள் செடி சேகரித்துத் திரிந்த அவர், இந்தத் தாவரத்தின் வருணனையை 1822-இல் பென்கூலனில் அச்சான ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார். அதே வருஷம் செப்டம்பரில், 27 வயதில், மலேரியாவாலும் நுரையீரல் நோயாலும் நலிந்து கப்பலில் இறந்துபோனார். ஜுரத்தை முறிக்கும் வேர் என்று காட்டு ஜனங்கள் கொண்டாடிய செடிக்குச் சாஸ்திரப் பெயர் வைத்த மனிதரை ஜுரமே கொண்டுபோயிற்று. இரண்டு வருஷம் கழித்து, அவருடைய சேகரங்கள் ஏற்றிச்சென்ற ராஃபிள்ஸின் கப்பலும் தீக்கிரையாயிற்று.

இனி, கசப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று வாங்கி வந்த கட்டையிலிருந்து சீவிய விரல்கடை அளவுச் சீவல் மூன்றை வீட்டில் இரண்டு குவளைத் தண்ணீரில் போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டேன். கஷாயம் என்றால் கறுத்தோ சிவந்தோ இருக்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு ஏமாற்றம்தான்: தண்ணீர் வெறும் வைக்கோல் நிறத்துக்கு மாறியது, வாசனை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஒரு கரண்டி வாயில் ஊற்றிய முதல் கணம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கணத்தில் நாக்கின் அடிப்பகுதியில் ஏதோ ஒன்று பிடித்தது. பிறகு விடவே இல்லை. வெல்லம் தின்றேன், மோர் குடித்தேன், வெற்றிலை போட்டேன், வெற்றிலையும் கசந்தது. வேப்பங்கொழுந்தின் கசப்பில் ஒரு பச்சை வாசனையும் முடிவில் லேசான இனிப்பும் உண்டு. நிலவேம்பின் கசப்பு சட்டென்று அறைந்துவிட்டு விலகும். இந்த வேரின் கசப்போ வாடகைக்கு வந்த குடித்தனம் வீட்டைக் காலிசெய்ய மறுப்பதுபோல் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கசப்புக்குக் காரணமான பொருள்களுக்குக் குவாசினாய்டுகள் என்று பெயர். இந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் அடிமையின் கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து தென்னமெரிக்காவின் சூரினாமுக்கு அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட குவாசி என்பவர், அங்குள்ள ஒரு கசப்பு மரத்தைக் கொண்டு ஜுரங்களைத் தணிப்பதில் பிரசித்தி பெற்றார். அந்த மரம் சுவீடனுக்குப் போய்ச்சேர்ந்தபோது, 1760-களில் லின்னேயஸ் அதற்குக் குவாசியா என்று அவர் பெயரையே வைத்தார். ஐரோப்பியக் கோமான்களின் பெயர்கள் மலிந்த தாவர சாஸ்திரத்தில் ஓர் அடிமையின் பெயர் நிலைத்தது அபூர்வமே. ஆனால் அவரைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள முடியாது. தப்பியோடிய அடிமைகளை வேட்டையாடிப் பிடிக்க வெள்ளையருக்குத் துணைநின்றவரும் அவரே. அந்த மரத்திலிருந்து பிரித்தெடுத்த குவாசின் என்ற பொருள் கொயினாவைவிட (குவினைன்) ஏறத்தாழ 50 மடங்கு கசப்பானது. பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஒரு பங்கின் பத்திலொன்றுக்கும் குறைவாகக் கலந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். சூரினாம் மரமும் நம் தொங்காட் அலியும் சைமரூபேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் பீநாறி என்று முகம் சுளித்து ஒதுக்கப்படும் பெருமரமும் இக்குடும்பத்துப் பிள்ளைதான்.

இக்குடும்பத்துக்கும் வேம்பின் குடும்பத்துக்கும் உறவு உண்டு. இரண்டும் சாபிண்டேலீஸ் என்ற ஒரே பெருங்குலத்தில் அடங்கும். இலையின் சாயல் ஒருபுறம் இருக்கட்டும், கசப்பின் வம்சாவளியே அந்த உறவுக்குச் சாட்சி. இரு மரங்களும் 30 கரி அணுக்கள் கொண்ட ஒரே வகை மூலப்பொருளிலிருந்துதான் தங்கள் கசப்பைத் தயாரிக்கின்றன. வேம்பு அதிலிருந்து நான்கு அணுக்களைக் கழித்துவிட்டு 26-இல் நிறுத்தி, பூச்சிகளை விரட்டும் அசாடிராக்டின் முதலிய பொருள்களை ஆக்குகிறது. தொங்காட் அலியோ இன்னும் கழித்து, பெரும்பாலும் 20-க்கோ 19-க்கோ கொண்டுவந்து, யூரிகோமனோன், லாங்கிலாக்டோன் முதலியவற்றை வேரில் சேமிக்கிறது. ஒரே பாட்டன் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட இரண்டு பங்காளிகள் ஆளுக்கொரு தொழில் தொடங்கியதற்கு ஒப்பானது இது. கூலிம் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மாரியம்மன் கோயில் வாசலில் வேப்பமரம் நிற்கும்; தமிழ்நாட்டிலிருந்து கடல்தாண்டி வந்தவர்கள் அம்மைக்கும் ஜுரத்துக்கும் அடைக்கலமாக நட்டுவைத்தது. அந்த வேம்பின் பங்காளி தோட்டத்து எல்லைக்கு அப்பால், மலைக்காட்டின் நிழலில், யாரும் நடாமலே ஜுரமருந்து என்ற பெயரோடு நின்றுகொண்டிருந்தான்.

தோட்டங்களில் ஜுரம் என்றால் பெரும்பாலும் மலேரியா. கொசுவே அதைப் பரப்புகிறது என்பதற்கு ஆதாரமாக, ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். மலாயாத் தோட்டங்களில் அதை எப்படித் தடுப்பது என்பதை 1901 முதல் கிள்ளான் பக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற வைத்தியர் ஆராய்ந்தார். வாட்சன் கண்டது ஒரு விசித்திரம். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினால் ஜுரம் குறைந்தது. மலையடிவாரத்துத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பியது அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு. அடர்ந்த காட்டின் இருளில் ஓடும் ஓடையில் அது முட்டையிடாது. காட்டை வெட்டி வெயில் படவைத்த தெளிந்த ஓடையைத்தான் அது விரும்பும். அதாவது, பால்மரம் நடுவதற்காக மலைச்சரிவுக் காட்டைத் திருத்திய கோடரி, ஜுரத்தை முறிக்கும் செடியை அழித்த அதே வீச்சில், ஜுரத்தைக் கொண்டுவரும் கொசுவுக்கும் தொட்டில் கட்டிக்கொடுத்தது. நிழலை நாடும் வேரும், வெயிலை நாடும் கொசுவும்! பின்னாளில் ஓடைகளில் மலேரியா எண்ணெய் தெளிக்க ஆள் வைத்ததும், தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) கொயினாக் கொடுத்ததும் நாடறிந்தவை.

1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். அடுத்து, உலகத்துக் கொயினாவில் மிகப் பெரும்பகுதியை விளைவித்த ஜாவாவையும் பிடித்தார்கள். மருந்து படைகளுக்குப் போயிற்று. தோட்டத்து லயங்களுக்கு வரவில்லை. அப்போது நாக்கு என்ற கருவியைத் தவிர வேறு ஆய்வுக்கூடம் இல்லாத தாய்மார்கள், கொயினா கசந்தது, ஆகையால் கசப்பதெல்லாம் கொயினாவின் வேலையைச் செய்யலாம் என்று அனுமானித்தார்கள். தர்க்க சாஸ்திரப்படி அது பிழை. கசப்பான பொருள்களில் ஜுரத்தைத் தீர்க்காதவையே அதிகம், கொல்லுபவையும் உண்டு. ஆனால் இந்த ஒரு வேரின் விஷயத்தில் அந்தப் பிழையான தர்க்கம் சரியான இடத்தில் போய் நின்றது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1980-கள் தொடங்கி இந்த வேரின் குவாசினாய்டுகளைத் தனித்தனியே பிரித்து மலேரியாக் கிருமிகள்மீது சோதித்தபோது, குளோரோகுவின் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் அவற்றுள் சில மிகக் குறைந்த அளவிலேயே அடக்கக் கண்டார்கள். கூலிமிலிருந்து பாலம் கடந்தால் எட்டிவிடும் தூரத்தில், பாட்டியின் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றியதற்குச் சோதனைக் குழாயில் சாட்சி கிடைத்தது.

அப்படியானால் அது ஏன் மலேரியா மருந்தாகவில்லை? குவாசினாய்டுகள் உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் பட்டறையையே நிறுத்துகின்றன. அந்தப் பட்டறை கிருமியிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்கும் மனிதனுக்குத் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலானது. எத்தியோப்பியாவில் வளரும் இதே குடும்பத்துச் செடியொன்றிலிருந்து எடுத்த புரூசியான்டின் என்ற குவாசினாய்டைப் புற்றுநோய்க்கு மருந்தாக்கலாம் என்று அமெரிக்கர்கள் நம்பி நோயாளிகளிடம் சோதித்து, கட்டிகள் சுருங்காததால் கைவிட்டார்கள். செடி தன்னைத் தின்ன வருகிற பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் சமைத்துவைத்த விஷம் இது, நமக்காகச் சமைத்ததன்று. கசப்பு என்பது 'தொடாதே' என்று இயற்கை எழுதிய எச்சரிக்கைப் பலகை. வைத்தியம் என்பது அந்தப் பலகையைப் படித்துவிட்டு அளவோடு உள்ளே நுழைவது.

இப்போது கண்சிமிட்டலுக்கு வருவோம். வீரியத்தைப் பற்றிய கீர்த்தி முற்றிலும் பொய் என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. 2012-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில், 30 முதல் 55 வயது வரையுள்ள 109 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வேரின் நீர்ச்சாற்றுப் பொடியை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதமும், மற்றவருக்கு மருந்தற்ற போலி மாத்திரையையும், யாருக்கு எது என்று தெரியாமல் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துண்டவர்களிடம் உடல்திறனிலும் இச்சையிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஓரளவு என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அந்த ஓரளவைத்தான் காப்பிப் பொட்டலத்திலும், மிட்டாயிலும், சக்தி பானத்திலும் ஏற்றி மலையளவாக்கி விற்கிறார்கள். வேர் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது என்பது விற்பவருக்கும் தெரியும். ஆகவே சில்டெனாஃபில், தடாலாஃபில் முதலிய ஆங்கில மருந்துகளை ரகசியமாகக் கலந்த சரக்குகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் அறியாமல் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். வேர்மேல் விழுந்த பழி அது. வேர் செய்த குற்றமன்று.

வேரின் சொந்தக் குற்றம் ஏதேனும் உண்டா என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. இச்சாற்றைப் புதிய உணவாக அனுமதிக்கலாமா என்று பரிசீலித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2021-இல், சாறு நேரே படுகிற இரைப்பை முதலிய இடங்களில் உயிரணுவின் மரபுப்பொருளுக்குச் சேதம் விளையக்கூடும் என்ற விலங்குச் சோதனை முடிவைக் காட்டி, எந்த அளவிலும் இது பாதுகாப்பானது என்று நிலைநாட்டப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் கோபிக்கக்கூடும். ஜுரம் வந்த மூன்று நாள் குடித்துவிட்டு நிறுத்துவது ஒன்று. காலையும் மாலையும் காப்பியில் கலந்து வருஷக்கணக்கில் குடிப்பது வேறு. நம் முன்னோர் செய்தது முன்னது.

மரத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இலையையோ பழத்தையோ பறித்தால் மரம் பிழைக்கும். வேரை எடுத்தால் மரம் போயிற்று. தோட்டமாகப் பயிரிட்டாலும் நான்கைந்து வருஷம் காத்திருந்தால்தான் வேர் விலைபோகும் அளவுக்குத் திரளும். ஆகையால் காட்டில் ஏற்கெனவே நிற்பதைப் பிடுங்குவதே லாபம் என்று கண்டுகொண்டவர்கள் பலர். பாலிங் வட்டாரத்தில் லூபோக் உலு லெகோங் என்ற கிராமத்தில் வாழும் கென்சியு பூர்வகுடிகள்போலக் காட்டையே வீடாகக் கொண்டவர்கள் தேவைக்கு ஒன்று தோண்டிய காலத்தில் குறையாத மரம், பாசார் மாலாம்களுக்கு மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியபின் அருகிவிட்டது. கிடைக்காததற்குப் பதிலி உடனே முளைக்கும்: கறுப்புத் தொங்காட் அலி, சிவப்புத் தொங்காட் அலி என்றெல்லாம் சந்தையில் கூவுகிறார்களே, அவை வேறு குடும்பங்களைச் சேர்ந்த வேறு செடிகள். கறுப்பு என்பது சீத்தாப்பழக் குடும்பத்துப் பிள்ளை. சிவப்பு என்பது காப்பிச் செடிக்கு உறவு. மேலே சொன்ன ஆய்வுகளில் ஒன்றும் அவற்றுக்குப் பொருந்தாது.

பாசார் மாலாமில் வாங்கிய கட்டையின் மிச்சம் என் மேசைமேல் கிடக்கிறது. காகிதங்கள் பறக்காமலிருக்க அதை வைத்திருக்கிறேன். வாசகர்களில் யாரேனும் தொங்காட் அலி மாத்திரையோ பொடியோ வாங்குவதாயிருந்தால், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசிய மருந்து ஆணையத்தில் பதிவான பாரம்பரிய மருந்தானால், எம்.ஏ.எல். (MAL) என்ற எழுத்துகளும், எட்டு இலக்கங்களும், அவற்றின்பின் டி (T) என்ற எழுத்தும் அதில் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் வாங்காதீர்கள். காய்ச்சல் என்றால் வேரைத் தேடவும் வேண்டாம்; மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை என்றாலும், குரங்குகளிடமிருந்து தொற்றும் மலேரியா இன்னும் இருக்கிறது. காட்டுப்பக்கம் போய்வந்தபின் குளிர்ஜுரம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.